உலோகத்தின் சத்தம்: லேசர் பரப்பு வேலையை ஒலியால் கண்காணித்தல்

லேசர் கற்றை பட்ட இடத்தில் உலோகம் சூடேறி விரியும். வேலையைப் பொறுத்து உருகலாம், ஆவியாகலாம். கற்றை நகர்ந்ததும் குளிர்ந்து சுருங்கும். இந்த மாற்றங்கள் ஒவ்வொன்றும் ஏதோ ஓர் அளவில் ஒலி எழுப்புகின்றன. வேலை நடக்கும் புள்ளியைக் கண்ணால் பார்க்க வழியில்லை. ஒளி கூசும், பாதுகாப்புக் கண்ணாடி மறைக்கும், மூடிய அறைக்குள் இயந்திரம் ஓடும். ஒலிக்கு இந்தத் தடை குறைவு. மைக் ஒன்றும் உலோகத்தோடு ஒட்டிய உணரி ஒன்றும் இருந்தால், வேலை நடக்கும்போதே அது சரியாக நடக்கிறதா என்று ஓரளவு சொல்லிவிடலாம்.

தட்டிப் பார்த்துத் தரம் சொல்வது பழைய பழக்கம். மானாமதுரைக் குயவர் பானையைச் சுண்டிப் பார்ப்பார். கீறல் விட்ட பானை மந்தமாக ஒலிக்கும். ரயில் நிலையத்தில் சுத்தியலால் சக்கரத்தைத் தட்டிக்கொண்டே போகும் தொழிலாளியும் இதைத்தான் செய்தார். அங்கே தட்டுவது மனிதக் கை, இங்கே லேசரே தட்டுகிறது. விட்டு விட்டு விழும் ஒளி பொருளில் ஒலி எழுப்பும் என்பதை 1880-இல் அலெக்சாந்தர் கிரகாம் பெல் கண்டார். எஃகு உள்ளமைப்பு மாறும்போது ‘டிக் டிக்’ என ஒலிப்பதை 1936-இல் ஜெர்மனியில் ஃபோர்ஸ்டரும் ஷைலும் பதிவு செய்தனர். பளு ஏற்றப்பட்ட உலோகம் தரும் நுண்ணொலிகளை 1950-இல் யோசப் கைசர் முறையாக ஆராய்ந்தார். ஒலி உமிழ்வு என்ற சோதனைத் துறை அங்கிருந்து வளர்ந்தது.

ஒலி இரண்டு வழியில் வருகிறது. ஒன்று காற்று வழி: ஆவி வெளியேறுவது, பிளாஸ்மா வெடிப்பது, வாயு சீறுவது. மற்றொன்று உலோகத்தின் உள் வழி: கீறல் விடுவது, படிக அமைப்பு மாறுவது. காற்றில் ஒலி 35 டிகிரி செல்சியஸ் வெயிலில் வினாடிக்குச் சுமார் 352 மீட்டர் ஓடும். எஃகுக்குள் நெட்டலை வினாடிக்கு ஏறத்தாழ 5,900 மீட்டர் ஓடும். காற்று வழி வருவதை மைக் பிடிக்கும். உலோக வழி வருவதில் பெரும்பகுதி மனிதச் செவிக்கு எட்டாத உயர் அதிர்வெண்; அதற்கு ஒட்டு உணரி வேண்டும்.

நான்கு வேலை, நான்கு விதக் கேட்பு

புதிதாகத் தொடங்குவோர் முதலில் தடுமாறுவது இங்கேதான். ‘நல்ல சத்தம்’ என்று பொதுவாக எதுவும் இல்லை. ஒரு வேலையில் சத்தம் வந்தால் கெட்டது. இன்னொன்றில் சத்தம் நின்றால் வேலை முடிந்தது. மற்றொன்றில் வேலை முடிந்த பிறகு வரும் சத்தமே பயப்பட வேண்டியது.

பரப்புக் கடினமாக்கலில், அதாவது பட்டறைப் பேச்சில் ‘லேசர் ஹார்டனிங்’ வேலையில், அமைதிதான் நல்ல அறிகுறி. சுமார் 0.4 சதவீதக் கரி கொண்ட ஈ.என்.8 போன்ற எஃகின் மேற்பரப்பை உருகாத அளவுக்குச் சூடேற்றிவிட்டுக் கற்றை நகர்கிறது. அடியில் உள்ள குளிர்ந்த உலோகம் வெப்பத்தை உறிஞ்ச, மேற்பரப்பு வினாடிக்கு ஆயிரக்கணக்கான டிகிரி வேகத்தில் தணிந்து மார்ட்டென்சைட் என்ற கடினமான படிக அமைப்பாகிறது. எண்ணெயும் தண்ணீரும் தேவையில்லை. கடினமான அடுக்கு பெரும்பாலும் 0.5 முதல் 1.5 மி.மீ. வரை. சிவகாசி அச்சகங்களிலும் அட்டைப்பெட்டி ஆலைகளிலும் தேய்ந்துகொண்டே இருக்கும் கேம், கிரிப்பர் ஷாஃப்ட், பஞ்ச் விளிம்பு முதலியவையும், ராஜபாளையம் நூற்பாலைகளின் இயந்திரப் பாகங்களும் இவ்வகை வேலைக்கு ஏற்றவை.

இந்த வேலையில் வெப்பம் சுமார் 900 டிகிரிக்குக் கீழே போனால் எஃகு சரியாகக் கடினமாகாது. 1,450-ஐ நெருங்கினால் மேற்பரப்பு உருகத் தொடங்கும். இந்த இடைவெளிக்குள் வேலை நடக்கும்வரை காற்று வழியில் வருவது வாயுக் குழாயின் சீறல் மட்டுமே. திடீரெனப் படபடப்பு கேட்டால் எங்கோ மேற்பரப்பு உருகி ஆவியாகிறது என்று கொள்ளலாம். கூர்மையான விளிம்பு, துளையின் ஓரம், ஒளியை உறிஞ்சப் பூசும் கிராஃபைட் தடித்த இடம் ஆகியவற்றில் வெப்பம் தேங்குவதால் இது அடிக்கடி நேரும். ஆனால் வெப்பம் குறைவாக விழுந்த இடத்தைக் காற்று வழி மைக் காட்டாது. கடினமாகாத எஃகும் கடினமான எஃகைப் போலவே அமைதியாக இருக்கும். அந்தக் குறையை ஒட்டு உணரி ஓரளவு தீர்க்கிறது. கற்றை கடந்தபின் எஃகு சுமார் 350 டிகிரிக்குக் கீழே இறங்கும்போது மார்ட்டென்சைட் தகடுகள் தாவித் தாவி உருவாகும். ஒவ்வொரு தாவலும் ஒரு நுண்ணொலி. அந்த நுண்ணொலிக் கூட்டம் வராத நீளத்தைக் கடினமானி வைத்துச் சோதிப்பது அவசியம்.

கிளாடிங் வேலையில் தேய்ந்த பரப்பின் மேல் உலோகப் பொடியைத் தூவி, லேசரால் உருக்கி ஓர் அடுக்கு வளர்க்கிறார்கள். பொடித் துகள்கள் மோதும் சத்தமும் வாயுச் சத்தமும் சேர்ந்து ஓயாத பின்னணி இரைச்சலாகக் கேட்கும். பொடி அடைத்துக்கொள்ளும் நேரத்தில் அந்த இரைச்சலின் நிறம் மாறும். பழகிய இயக்குநர் மைக் இல்லாமலே இதைச் சொல்வார். உண்மையான ஆபத்து குளிரும்போது வருகிறது. நிக்கல், குரோமியம், போரான் கலந்த கடின அடுக்குகளும் டங்ஸ்டன் கார்பைடு கலந்தவையும் சுருங்கும் இழுவை தாங்காமல் கீறல் விடும். அப்போது சில வேளை வெறும் காதுக்கே ‘டிங்’ எனக் கேட்கும். பல கீறல்கள் கேட்காமலே விடுகின்றன. ஒட்டு உணரியில் கீறல் செங்குத்தாக எழுந்து விரைவில் அடங்கும் தனிக் குத்தாகத் தெரியும். பொடி இரைச்சல் தாழ்ந்த, முடிவில்லாத புல்லாகத் தெரியும். இரண்டையும் பிரிப்பது கடினமல்ல. ஆனால் லேசரை அணைத்தவுடன் பதிவையும் அணைத்துவிடும் பழக்கம் பரவலாக இருக்கிறது. பாகம் கைபொறுக்கும் சூட்டுக்கு வரும்வரை பதிவு ஓட வேண்டும். கீறலின் எண்ணிக்கை அதிகமாக இருந்தால் முன்சூடேற்றத்தைக் கூட்டுவது முதல் சிகிச்சை. கலவைக்கேற்ப 200 முதல் 400 டிகிரி வரை முன்சூடு கொடுப்பது வழக்கம்.

லேசரால் துரு நீக்குவதும் பழைய பூச்சை எடுப்பதும் ஒலிக் கண்காணிப்புக்கு மிக எளிய வேலைகள். கற்பதை இங்கே தொடங்குவது நல்லது. நானோ வினாடித் துடிப்புகள் துருவையோ மையையோ நொடியில் ஆவியாக்கித் தெறிக்கவிடுகின்றன; ஒவ்வொரு தெறிப்பும் குட்டி வெடி. துடிப்புகள் வினாடிக்குப் பல்லாயிரம் என்பதால் அவை தனித்தனியாகக் காதில் விழாது. ஆடி கற்றையை இடவலமாக வீசும் தாளம், வினாடிக்கு நூறு இருநூறு முறை, ரீங்காரமாகக் கேட்கும். முதல் முறை ஓட்டும்போது சத்தம் மிகுதி. இரண்டாம் முறை குறையும். அடியில் பளபளப்பான உலோகம் தெரிந்தபின் கற்றையின் பெரும்பகுதி திரும்பி எறியப்படுவதால் சத்தம் ஓர் அளவில் நிலைத்துவிடும். நிலைத்த பின்னும் ஓட்டினால் நீலம் பாய்ந்த சூட்டுக் கறைதான் மிச்சம். வெனிஸ் நகரச் சிற்பங்களில் 1970-களில் ஜான் ஆஸ்மஸ் லேசர் சுத்தத்தைத் தொடங்கினார்; கற்சிலைப் பாதுகாப்பாளர்களும் இந்தச் சத்த வேறுபாட்டைக் கவனிப்பதுண்டு.

குவியத்தைக் கண்டுபிடிக்கவும் இதே சத்தம் உதவும். கைத்துப்பாக்கி போன்ற தலையை முன்னும் பின்னும் நகர்த்தினால் ஓரிடத்தில் சத்தம் உச்சம் தொடும்; குவியம் அதை ஒட்டியே இருக்கும். ஒரே தூரத்தில், ஒரே துருவில், முந்தைய நாளைவிடச் சத்தம் குறைந்திருந்தால் லேசர் மூலத்தைக் குறை சொல்வதற்கு முன் பாதுகாப்புக் கண்ணாடி வில்லையைக் கழற்றிப் பார்க்க வேண்டும். புகைக்கறை படிந்த வில்லை முதலில் சத்தத்தில்தான் தன்னைக் காட்டிக்கொடுக்கும்.

நான்காவது, லேசர் அதிர்ச்சித் தாக்கு. சதுர சென்டிமீட்டருக்குச் சில கிகாவாட் அடர்த்தியுள்ள துடிப்பைக் கறுப்பு நாடா ஒட்டி, மேலே தண்ணீர்ப் படலம் ஓடும் பரப்பில் செலுத்துவது. பிளாஸ்மா தண்ணீருக்கும் உலோகத்துக்கும் நடுவே சிக்கி, அதிர்ச்சி அலையை உலோகத்துக்குள் தள்ளும். ஏறத்தாழ ஒரு மி.மீ. ஆழம்வரை அமுக்கத் தகைவு தங்கிவிடும். விமான விசிறி இதழ் போன்ற விலை உயர்ந்த பாகங்களுக்கான வேலை இது; சிவகாசி வட்டாரத்துப் பட்டறைக்கு உடனே வரப்போவதில்லை. கேட்கும் முறை மட்டும் தெரிந்தால் போதும்: அடிகள் எல்லாம் ஒன்றுபோல ஒலிக்க வேண்டும். படலம் விலகிய இடத்தில் விழுந்த அடி உலோகத்துக்குள் பலவீனமாகப் பதியும், காற்றிலும் மற்ற அடிகளோடு ஒத்துப்போகாது. பட்டாசுக்காரர் பேச்சில் சொன்னால், சரத்தில் எந்த வெடி நமத்துப் போனது என்று எண்ணுகிற வேலை.

கருவியும் பொருத்துதலும்

கைபேசியின் குரல் பதிவானை வைத்துத் தொடங்குவோர் உண்டு. ஆர்வம் பாராட்டத்தக்கது, பதிவு உதவாது. கைபேசி சத்தம் கூடினால் தானே தணித்துக்கொள்ளும், குறைந்தால் தானே ஏற்றிக்கொள்ளும். இரைச்சல் என்று தான் நினைப்பதை வெட்டியும் எறியும். கண்காணிப்புக்கு வேண்டியதே அந்த ஏற்ற இறக்கம். அளவீட்டு மைக், ஏற்றத்தைக் கையால் நிலைநிறுத்தக்கூடிய ஒலி இடைமுகம், சுருக்கப்படாத கோப்பு வடிவம் ஆகிய மூன்றும் குறைந்தபட்சத் தேவை.

ஓர் அதிர்வெண்ணைப் பதிய அதன் இருமடங்குக்கும் அதிகமான வீதத்தில் மாதிரி எடுக்க வேண்டும். வினாடிக்கு 48,000 மாதிரி என்றால் 20 கிலோஹெர்ட்ஸ் வரை நம்பலாம். 1,92,000 என்றால், மைக் ஈடுகொடுக்கும் பட்சத்தில், 80 கிலோஹெர்ட்ஸ் வரை. சாதாரண மைக்கில் மெல்லிய சவ்வு அதிர்கிறது, அதற்கு மேல் அது திணறும். சவ்வே இல்லாமல் லேசர் ஒளியால் காற்றழுத்தத்தை அளக்கும் ஒளி மைக்குகள் ஒரு மெகாஹெர்ட்ஸ் வரை கேட்கும். விலைதான் கேட்க முடியாத அளவில் இருக்கும். ஒட்டு உணரிகள் பெரும்பாலும் 100 முதல் 300 கிலோஹெர்ட்ஸ் வரையிலான பட்டையில் இயங்குபவை. 150 கிலோஹெர்ட்ஸில் ஒத்ததிர்வு கொண்டவை பரவலாகக் கிடைக்கின்றன. இவற்றுக்கு வினாடிக்குப் பத்து லட்சம் மாதிரிக்குக் குறையாத பதிவுப் பலகை தேவை.

மைக்கை வேலைப் புள்ளியிலிருந்து சுமார் 30 சென்டிமீட்டர் தள்ளி, வாயு வீசும் திசைக்குப் பக்கவாட்டில் வைப்பது நல்லது. நேரே எதிரில் வைத்தால் காற்று மோதும் சத்தமே நிரம்பும், கூடவே திரும்பி எறியப்படும் கற்றை மைக்கைப் பொசுக்கிவிடவும் கூடும். தூரம் இரட்டித்தால் ஒலி மட்டம் 6 டெசிபல் குறையும். ஆகவே தூரத்தை ஒருமுறை தீர்மானித்து, தாங்கியில் பூட்டி, குறித்து வைக்க வேண்டும். ‘ஏறக்குறைய அங்கேதான்’ என்பது அடுத்த மாதப் பதிவோடு ஒப்பிட உதவாது. 30 சென்டிமீட்டரைக் கடக்க ஒலிக்கு 0.85 மில்லி வினாடி ஆகும். கடினமாக்கலில் இந்தத் தாமதத்தைக் கணக்கில் எடுக்கத் தேவையில்லை. அதிர்ச்சித் தாக்கில் ஒவ்வொரு துடிப்பையும் அதன் ஒலியோடு இணைக்கும்போது எடுத்தே ஆக வேண்டும்.

ஒட்டு உணரியை வெறுமனே வைத்தால் இடையில் உள்ள காற்று ஒலியைத் தடுத்துவிடும். பரப்பைத் தேய்த்துச் சுத்தம் செய்து, மெல்லிய கிரீஸ் படலம் தடவி, காந்தப் பிடியால் அழுத்திப் பொருத்த வேண்டும். பாகம் சூடாகும் என்றால் எஃகுக் கம்பி ஒன்றை நடுவே வைத்து அதன் குளிர்ந்த முனையில் உணரியைப் பொருத்தலாம்.

பொருத்தியது சரியா என்று பார்க்க ஒரு மலிவான சோதனை உலகம் முழுவதும் பயன்படுகிறது: எழுதுகோல் முனை முறித்தல். 0.5 மி.மீ. தடிமன், 2எச் கடினம் கொண்ட முனையை மூன்று மி.மீ. வெளியே நீட்டி, உலோகத்தின்மேல் சாய்த்து அழுத்தி முறிக்க வேண்டும். கீறல் விடும் ஒலியை ஒத்த கூர்மையான குத்து ஒன்று பதிவில் எழும். உணரிக்கு அருகில் மூன்று முறை, வேலை நடக்கப்போகும் இடத்தில் மூன்று முறை முறித்து, வீச்சு ஒன்றுபோல வருகிறதா என்று பார்த்தபின்னரே லேசரை இயக்க வேண்டும். சில ரூபாய்ச் செலவில் முடியும் இந்தச் சோதனையைத் தவிர்த்துவிட்டுப் பிறகு வீணான பதிவோடு மல்லுக்கட்டுவதில் பொருளில்லை.

பட்டறை இரைச்சலைக் கழித்தல்

கம்ப்ரசர், ஜெனரேட்டர், பக்கத்து லேத், தெருவில் லாரி என்று எல்லாம் சேர்ந்துதான் பட்டறை. நல்ல வேளையாக இவற்றின் ஆற்றலில் பெரும்பகுதி சில கிலோஹெர்ட்ஸுக்குக் கீழே அடங்கிவிடும். 20 கிலோஹெர்ட்ஸுக்கு மேல் பட்டறை ஏறக்குறைய அமைதியானது. லேசர் தெறிப்பு அங்கும் கேட்கும். கீழ்ப்பட்டையை வெட்டிவிட்டு மேலே மட்டும் கவனிப்பது பாதி வேலையை முடித்துவிடும். ஒரு விதிவிலக்கு: காற்றுக் குழாய்க் கசிவு. கசியும் காற்று 40 கிலோஹெர்ட்ஸ் வட்டாரத்திலும் நன்றாகச் சீறும். கசிவு கண்டுபிடிக்கும் கருவிகளே அந்தப் பட்டையில்தான் கேட்கின்றன. கண்காணிப்புக் கருவி வாங்குவதற்கு முன் ஹோஸ் கிளிப்புகளை இறுக்குவது லாபகரமான முதலீடு.

மோட்டார் இயக்கிகள் மின்காந்த வழியில் உணரிக் கம்பிக்குள் புகுந்து பொய்க் குத்துகளை உண்டாக்கும். இவற்றைப் பிரிக்க, வேலைக்கு முன் படிப்படியாகப் பதிவு எடுக்க வேண்டும்: எல்லாம் அணைந்த நிலை, இயந்திரம் மட்டும், அதோடு வாயு, அதோடு அச்சு நகர்வு, கடைசியாகக் கழிவுத் துண்டின்மேல் லேசர். எந்தப் படியில் புதிய சத்தம் நுழைந்தது என்று தெரிந்துவிட்டால் அது எங்கிருந்து வந்தது என்று தேட வேண்டியதில்லை.

வெளியிலிருந்து வரும் வெடிச் சத்தம் இந்த வட்டாரத்துக்கே உரிய தொல்லை. திருமணம், கோயில் கொடை, தேர்தல் வெற்றி என எதற்கும் வெடி உண்டு. இதற்கு இரண்டாவது மைக் போதும். ஒன்று வேலைப் புள்ளிக்கு அருகில், மற்றொன்று பட்டறையின் மறுகோடியில். இரண்டிலும் ஏறத்தாழ ஒரே வீச்சில் வந்த குத்து வெளியே பிறந்தது. அருகு மைக்கில் பலமாகவும் தூர மைக்கில் மிக மெலிவாகவும் வந்தது லேசருடையது.

பட்டாசு விதிகளால் டெசிபல் என்ற சொல் இங்கே எல்லோருக்கும் தெரியும் என்பதால் ஒரு குழப்பத்தை முன்கூட்டியே தீர்க்க வேண்டியிருக்கிறது. பட்டாசுச் சத்தம் குறித்து 1999 அக்டோபரில் வெளியான மத்திய அரசு அறிவிக்கை, வெடிக்கும் இடத்திலிருந்து 4 மீட்டர் தொலைவில் 125 டெசிபல் ஏ.ஐ. அல்லது 145 டெசிபல் சி உச்சம் என்ற வரம்பை வைத்தது. சரவெடிக்கு, வெடிகளின் எண்ணிக்கையின் மடக்கையை 5-ஆல் பெருக்கி அந்த அளவைக் கழிக்கச் சொன்னது. 50 வெடிச் சரத்துக்கு இது 8.5 டெசிபல். சோதிக்கும் இடம் குறைந்தது 5 மீட்டர் விட்டமுள்ள கான்கிரீட் தளமாக இருக்க வேண்டும், 15 மீட்டர் வரை எதிரொலிக்கும் பரப்பு இருக்கக்கூடாது என்றும் விதித்தது. அந்த அளவீட்டின் எடைபோடல், அதாவது ஏ வகை, மனிதச் செவியைப் பின்பற்றியது. மிக உயர்ந்த அதிர்வெண்ணை வேண்டுமென்றே குறைத்து எண்ணும். லேசர் கண்காணிப்புக்கு வேண்டிய பகுதி பெரும்பாலும் அந்தக் குறைத்து எண்ணப்படும் பகுதியிலேயே கிடக்கிறது. ஆகவே பட்டாசு அளக்கும் ஒலிமானியை வாங்கி லேசர் அறையில் மாட்டுவது வீண் செலவு. எடைபோடாத, தட்டையான பதிவே தேவை. ஒட்டு உணரித் திரையில் தெரியும் டெசிபலோ முற்றிலும் வேறு: அது காற்றழுத்தத்தை அளக்கவில்லை, உணரி தரும் மின்னழுத்தத்தை ஒரு மைக்ரோவோல்ட்டோடு ஒப்பிடுகிறது. அங்கே 60 டெசிபல் என்று கண்டு ‘பேச்சுச் சத்தம்தானே’ என்று விட்டுவிடக் கூடாது.

அந்த அறிவிக்கையிலிருந்து கற்க வேண்டியதும் ஒன்று உண்டு. தூரம், தளம், எதிரொலி ஆகியவற்றைக் கட்டிப்போட்ட பிறகே எண்ணுக்குப் பொருள் வருகிறது. லேசர் அறையின் தகரச் சுவர் எதிரொலிக்குப் பேர் போனது. மைக்குக்குப் பின்னால் தடித்த நுரைப் பலகை நிறுத்துவதால் பதிவு தெளியும். நுரை தீப்பிடிக்காத வகையாக இருக்க வேண்டும்.

பதிவைப் படித்தல்

முழுப் பதிவையும் ஒரே எண்ணாகச் சுருக்கக் கூடாது. சிறு சிறு துண்டுகளாக வெட்டி, ஒவ்வொரு துண்டிலும் எந்த அதிர்வெண்ணில் எவ்வளவு ஆற்றல் என்று பார்ப்பதே வழக்கம். 48,000 வீதத்தில் 1,024 மாதிரிகள் கொண்ட துண்டு 21 மில்லி வினாடி நீளும். கற்றை வினாடிக்கு 10 மி.மீ. நகர்ந்தால் ஒரு துண்டு பாகத்தின்மேல் 0.2 மி.மீ. நீளத்தைக் குறிக்கும். இதனால் நேரத்தை இடமாக மாற்றிவிட முடிகிறது: பதிவில் 3.4-ஆவது வினாடியில் படபடப்பு என்றால் தொடக்கத்திலிருந்து 34 மி.மீ. தள்ளிப் பார்க்க வேண்டும். லேசர் திறந்த கணத்தை மின்குறியாக இரண்டாம் தடத்தில் பதிந்து வைத்தால்தான் இந்தக் கணக்கு பிசகாது.

ஒவ்வொரு துண்டுக்கும் பார்க்க வேண்டியவை மூன்று: சராசரி வீச்சு, உச்சத்துக்கும் சராசரிக்கும் உள்ள விகிதம், மேல்பட்டை ஆற்றலுக்கும் கீழ்ப்பட்டை ஆற்றலுக்கும் உள்ள விகிதம். துரு நீக்கலுக்கு முதலாவதும் மூன்றாவதும் போதும். கீறலைத் தேடும்போது இரண்டாவது முக்கியம்; கீறல் சராசரியை அசைக்காது, உச்சத்தை மட்டும் எகிறவைக்கும். கணினியே கற்றுக்கொண்டு பிரிக்கும் முறைகள் இப்போது ஆய்வுக் கட்டுரைகளில் நிரம்பிக் கிடக்கின்றன. அவற்றுக்குக் கெட்ட வேலையின் பதிவுகளும் நூற்றுக்கணக்கில் வேண்டும். சிறு பட்டறை கெட்ட வேலையை அவ்வளவு செய்தால் மூடிவிட வேண்டியதுதான். எனவே நல்ல வேலையின் எல்லையை வகுத்து, அதிலிருந்து விலகுவதைக் குறிப்பதே நடைமுறைக்கு ஒத்த வழி.

அந்த எல்லையை வகுக்க ஒரே உலோகம், ஒரே அளவு, ஒரே அமைப்பில் குறைந்தது இருபது பாகங்கள் செய்து பதிய வேண்டும். அவற்றில் சிலவற்றை வெட்டி, மெருகேற்றி, கடின அடுக்கின் ஆழத்தை அளந்து, ராக்வெல் எண்ணைக் குறித்து, கிளாடிங் என்றால் சாய ஊடுருவல் சோதனையும் செய்து, நல்லவை என்று உறுதியானவற்றின் ஒலியை மட்டுமே அளவுகோலாக வைக்க வேண்டும். இதைச் செய்யாமல் ‘சத்தம் சரியாக இருக்கிறது’ என்று சொல்வதற்கு ஆதாரம் எதுவும் இல்லை. பிறகு வேண்டுமென்றே கெடுத்துப் பார்க்கலாம்: ஆற்றலை 10 சதவீதம் கூட்டுதல், குவியத்தை நகர்த்துதல், வில்லையில் புகை படியவிடுதல். எந்தக் கேட்டை ஒலி காட்டியது, எதைக் காட்டாமல் விட்டது என்ற பட்டியல் அந்தப் பட்டறைக்கே உரிய சொத்து.

வெட்டிப் பார்க்கவும் அளக்கவும் வசதி இல்லாதபோது வெளி உதவி உண்டு. திருச்சியில் பெல் நிறுவனத்தின் பற்றவைப்பு ஆராய்ச்சி நிலையமும், சென்னை ஐ.ஐ.டி.யின் சிதைவிலாச் சோதனை மையமும், ஒலி உமிழ்வு ஆய்வில் நீண்ட அனுபவம் கொண்ட கல்பாக்கம் இந்திரா காந்தி அணு ஆராய்ச்சி மையமும் தமிழ்நாட்டிலேயே உள்ளன. லேசர் பரப்பு வேலைக்கு ஹைதராபாத் ஏ.ஆர்.சி.ஐ.யும் இந்தூர் ராஜா ராமண்ணா மையமும் நாட்டில் முன்னோடிகள். உள்ளூரில் மெப்கோ ஷ்லெங்க், கலசலிங்கம் போன்ற பொறியியல் நிறுவனங்களின் இயந்திரவியல், மின்னணுவியல் துறைகளை அணுகலாம்.

பட்டாசு வட்டாரத்தில் கூடுதல் எச்சரிக்கை

பரப்பு வேலைக்கான லேசர்கள் நான்காம் வகுப்பைச் சேர்ந்தவை. நேர்க்கற்றை மட்டுமல்ல, சிதறிய ஒளியும் கண்ணைக் கெடுக்கும், எரியும் பொருளைப் பற்றவைக்கும். வெடிபொருள் விதிகளின்கீழ் உரிமம் பெற்ற வளாகத்துக்குள், சிறிய கைத்துப்பாக்கி வடிவ லேசரைக்கூட, கொண்டுபோகக் கூடாது. மருந்துக் கலவை அறையில் இரும்புக் கருவிக்கே இடமில்லை என்னும்போது தீப்பொறி பறக்கும் கருவிக்கு இடம் எங்கே?

லேசர் நேராக உள்ளே போவதைவிட, மருந்து மறைமுகமாக வெளியே வருவது அதிகம் கவனிக்கப்பட வேண்டியது. பட்டாசு ஆலையிலோ தீப்பெட்டி ஆலையிலோ ஓடிய இயந்திரப் பாகம் துரு நீக்க வரும்போது இடுக்குகளில் அலுமினியப் பொடியும் நைட்ரேட்டும் குளோரேட்டும் கந்தகமும் தங்கியிருக்கலாம். லேசர் கற்றைக்கு அது துருவா மருந்தா என்று தெரியாது. தண்ணீர் ஊற்றிக் கழுவிவிட்டால் போதும் என்று நினைப்பதும் தவறு. ஈரம் பட்ட அலுமினியக் கலவை தானே சூடேறக்கூடியது. உரிமம் பெற்ற ஆலையே தன் முறைப்படி சுத்தம் செய்து, எழுத்தில் உறுதி தந்த பாகத்தை மட்டுமே ஏற்க வேண்டும். ஏற்ற பாகத்திலும் முதல் ஓட்டம் விளிம்பில், மிகக் குறைந்த ஆற்றலில், ஒரு சென்டிமீட்டர் நீளம் மட்டும். ஒலிப் பதிவு இங்கே எச்சரிக்கைக் கருவியும் ஆகிறது: துருவின் ஒழுங்கான ரீங்காரத்துக்கு நடுவே ஒழுங்கற்ற தனிப் பொரிதல் கேட்டால் உடனே நிறுத்திப் பாகத்தைத் திருப்பி அனுப்பிவிடுவதே முறை.

கிளாடிங் பொடி விஷயத்திலும் ஒரு தவறு நேரக்கூடும். பட்டாசுக்குப் போகும் அலுமினியப் பொடி இந்த வட்டாரத்தில் எளிதாகக் கிடைக்கிறது. ஆனால் அது தகடு தகடாக நொறுக்கிய நுண்பொடி. குழாயில் ஓடாது, காற்றில் மிதந்து தீப்பற்றும். கிளாடிங்குக்கு வேண்டியது வாயு வீசி உருட்டிய, 50 முதல் 150 மைக்ரோமீட்டர் வரையிலான உருண்டைத் துகள். இரண்டையும் ஒரே அலமாரியில் வைப்பதுகூட வேண்டாத வேலை.

ஒலியால் இயந்திரத்தைத் தானே நிறுத்தும் ஏற்பாடு செய்வதென்றால், நிறுத்தும் குறிக்கும் எச்சரிக்கும் குறிக்கும் வேறு வேறு எல்லைகள் வைக்க வேண்டும். கடினமாக்கலில் படபடப்பு மூன்று பதிவுத் துண்டுகள் தொடர்ந்தால் விளக்கு எரியட்டும், பத்துத் துண்டுகள் தொடர்ந்தால் கற்றை அணையட்டும். ஒரே குத்துக்கு அணைத்துவிடும் ஏற்பாடு என்றால் இயக்குநர்கள் ஒரு வாரத்துக்குள் அதன் கம்பியைப் பிடுங்கிவிட்டு வேலை செய்யத் தொடங்குவார்கள். அவசரப் பொத்தான், கதவுப் பூட்டு போன்ற பாதுகாப்புச் சுற்றுகள் தனியாக இயங்க வேண்டும். அவற்றுக்கு மாற்றாக மைக்கை நம்பக் கூடாது. ஒவ்வொரு பதிவுக் கோப்பின் பெயரிலும் பாகத்தின் எண், உலோகம், ஆற்றல், வேகம், மைக் தூரம், அன்றைய வெப்பநிலை ஆகியவை இருக்கட்டும். வில்லை மாற்றிய நாளும் உணரியைக் கழற்றி மாட்டிய நாளும் பதிவேட்டில் ஏறட்டும்.